வெளிநாடு போக முன்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஊர் மனிதரோடு பழகவும், வேலைத்தளத்தில் கதைக்கவும் எப்படித் தயாராவது? இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இதையே கேட்கின்றன. பயணத்துக்கு முந்திய பயிற்சிகளை நடத்துகிறவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மகன் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து தொழிற்சாலை வேலைக்குத் தெரிவாகியிருக்கிறான். கலாசாரப் பயிற்சி என்று இன்னொன்றும் இருக்கிறதாம். மொழி தெரிந்தவனுக்கு அது எதற்கு? குனிந்து வணக்கம் சொல்வதை யூடியூப் பார்த்து அவனே பழகிவிட்டான்.
– ஒரு தகப்பன், திருவையாறு

பதில்: குனிவதை அங்கே போய் இரண்டு நாளில் பார்த்தே பழகலாம். உங்கள் மகனைச் சிக்கலில் மாட்டப்போவது அவனுடைய தலையாட்டல்தான். நாங்கள் ‘ஓம்’ என்பதற்குத் தலையை இரு பக்கமும் மெல்ல ஆட்டுகிறோம். ஆட்டுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கொரிய மேற்பார்வையாளருக்கு அது ‘இல்லை’ என்றோ ‘விளங்கவில்லை’ என்றோதான் படும். அவர் குரலை உயர்த்தித் திரும்பச் சொல்வார். இவன் இன்னும் பணிவாக இன்னும் கூட ஆட்டுவான். மூன்றாம் தடவை அவர் இவனைப் பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே பயணத்துக்கு முந்திய நாட்களில் வீட்டில் ஒரு விதி வையுங்கள். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டால்கூட நாடியை ஒரு தடவை கீழே இறக்கி ‘நே’ (ஓம்) என்று வாயால் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். தங்கச்சிமாரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் விட்டுவைக்க மாட்டார்கள்.

அடுத்தது மொழி. அந்தப் பரீட்சையில் வாசிப்புக்கு 20, செவிமடுத்தலுக்கு 20 என்று 40 கேள்விகள், 200 புள்ளி. எல்லாம் விடையைத் தெரிவு செய்வது. பேச்சுப் பகுதி கிடையாது. எனவே நல்ல புள்ளி எடுத்த பிள்ளைக்கும் ‘எனக்கு விளங்கவில்லை’ என்று ஓர் ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. எங்கள் வகுப்பறைகளில் விளங்காவிட்டாலும் ‘சரி சேர்’ என்று சொல்லிவிட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பதுதான் பழக்கம். தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் இயந்திரத்துக்கு முன்னால் அந்தப் பழக்கம் கையைக் கொண்டுபோகும். ‘அச்சை மாற்ற முன் மெயின் சுவிட்சை நிறுத்து’ என்பதில் பாதி காதில் விழுந்து, மீதியை ஊகித்து, ‘சரி’ என்றவன் கையை உள்ளே விடுகிறான்.

இதற்கு மூன்று வசனங்கள் போதும். ‘ஜல் மொருகெஸ்ஸும்னிதா’ என்றால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ‘தஷி ஹன்பொன் மல்சும்ஹே ஜுசெயோ’ என்றால் இன்னொரு தடவை சொல்லுங்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம்: ‘இரொக்கெயோ?’, அதாவது ‘இப்படியா?’ சொன்னதைக் கையால் செய்து காட்டிக்கொண்டே கேட்க வேண்டும். இயந்திரத்தை இயக்கிப் பார்த்து அல்ல, நிறுத்தி வைத்தபடி. செய்துகாட்டிக் கேட்கிற தொழிலாளியை மேற்பார்வையாளருக்குப் பிடிக்கும், அவருக்குத் திருத்துவது சுலபம்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது கூடாது. முதலாளி ‘சாஜாங்னிம்’, குழுத் தலைவர் ‘பஞ்ஜாங்னிம்’. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால், குறைந்தது வலக்கையைக் கொடுத்து இடக்கையை வலது முழங்கைக்குக் கீழே பிடித்தாவது. வயதில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகு சாப்பிடத் தொடங்குவது. சோற்றுக்குள் சாப்பிடும் குச்சிகளை நட்டு வைக்கக்கூடாது, அது செத்தவீட்டுப் படையலின் அடையாளம்.

வேலை முடிந்து கூட்டமாகச் சாப்பிடப் போகும் ‘ஹ்வேஷிக்’கை அவன் தட்டிக்கழிக்காமல் போக வேண்டும், பல முறுகல்கள் அந்த மேசையில்தான் தீர்கின்றன. குடிக்காதவன் என்றால் முதல் நாளே ‘சுல் மொன் மஷொயோ’ (நான் மது குடிக்க மாட்டேன்) என்று சொல்லிவிட்டு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துச் சோடா வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் குடித்து மறுநாள் மறுத்தால்தான் கோபம் வரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் ‘சோகோகி’ என்ற சொல்லையும், பன்றி வேண்டாதவர் ‘துவேஜிகோகி’ என்ற சொல்லையும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பிலும் நெத்தலி ஊறியிருக்கும், கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் உப்போ இருக்கும். கடுமையான விரதக்காரர் மின் குக்கரில் தனக்குத் தானே சோறு வைக்கப் பழகிக்கொண்டு போவதே நல்லது.

கேள்வி: விசிட் விசாவில் போனால் பயிற்சியும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை, அங்கே போய் வேலை விசா மாற்றலாம் என்கிறார் ஒரு முகவர். உண்மையா?
– ஒரு வாசகர், பரந்தன்

பதில்: போகாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை, அங்கே பிரச்சினை வந்தால் தூதரகத்தில் காட்ட ஒப்பந்தமும் இல்லை. முகவரின் உரிமப்பத்திரமும் அந்த வேலைக்கான அனுமதியும் உண்மையா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டாலும் சொல்வார். மொழிப் பரீட்சை எழுதிப் போகும் கொரியத் தொழிற்சாலை வேலையை எடுத்துத் தருகிறேன் என்று எந்தத் தனியார் சொன்னாலும் பொய். அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு.

கேள்வி: குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன். அரபு வீடுகளில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? எல்லாவற்றையும் பொறுத்துப் போக வேண்டும், அது அவர்களுடைய கலாசாரம் என்று போய்வந்த ஒருவர் சொன்னார்.
– இரண்டு பிள்ளைகளின் தாய், ஒட்டுசுட்டான்

பதில்: போய்வந்தவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைத் தூக்கி எறியுங்கள். எந்தப் பாதி என்பதைச் சொல்கிறோம்.

முதலில் பழகிக்கொள்ள வேண்டியது. விருந்தினர் வந்தால் அரபுக் கோப்பி ஊற்றுவது உங்கள் வேலையாகலாம். கூர்மூக்குக் குடுவையை இடக்கையிலும், பிடியில்லாத சின்னக் கோப்பைகளை வலக்கையிலும் பிடிக்க வேண்டும். கோப்பையை நீட்டுவது எப்போதும் வலக்கையால். மூத்தவருக்கோ முக்கிய விருந்தினருக்கோ முதலில். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. எங்கள் வீடுகளில் தேத்தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொடுப்பதுதான் மரியாதை. அங்கே கோப்பிக் கோப்பையை நிரப்பினால் ‘குடித்துவிட்டுக் கெதியில் கிளம்பு’ என்று சொன்னதாக அர்த்தம் வரும். குடித்தவர் கோப்பையை நீட்டினால் திரும்ப ஊற்றுங்கள். விரலால் இலேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று பொருள், வாங்கிக்கொள்ளலாம். அதுவரை குடுவையோடு நிற்க வேண்டும். தேநீருக்கு இந்தக் கணக்கு இல்லை, அதை நிறைத்தே கொடுக்கலாம்.

நோன்பு மாதத்தில் வீட்டின் பகலும் இரவும் இடம் மாறும். பின்னேரம் முழுக்க நோன்பு திறக்கும் சாப்பாட்டுச் சமையல், இரவு விருந்தினர், விடியற்காலையில் திரும்பவும் சாப்பாடு. புதிதாகப் போனவர்கள் இந்த மாதத்தில் களைத்து விழுவது சமையல் கூடுவதால் மட்டுமல்ல, எப்போது படுப்பது என்று கேட்காமல் விடுவதாலும்தான். மாதம் தொடங்க முன்னமே ‘நான் எந்த நேரம் தூங்கலாம்?’ என்று வீட்டு அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பகலில் வெளியிடத்தில் உண்பதும் குடிப்பதும் குவைத்தில் குற்றம். 100 தினார் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம், முஸ்லிம் அல்லாதவருக்கும் இது பொருந்தும். வீட்டுக்குள் நீங்கள் சாப்பிடலாம், குசினியில், மற்றவர் கண்ணில் படாமல்.

வீட்டு ஆண்களோடு தேவைக்கு மட்டும் கதையுங்கள். அவர் தனியே இருக்கும் அறையைக் கூட்டப் போனால் கதவு திறந்திருக்கட்டும். அதையும் மீறி ஒருவன் அத்துமீறினால் பிழை அவனுடையது, உங்கள் சிரிப்பிலோ உடுப்பிலோ தேட வேண்டாம். தூதரகத்துக்கு அறிவியுங்கள். வீட்டுப் பிள்ளைகளைப் படமெடுத்து டிக்டொக்கில் போடுவது வேண்டவே வேண்டாம். பாசத்தில் போட்டாலும் வழக்காகும்.

இனித் தூக்கி எறிய வேண்டிய பாதி. குவைத்தில் வீட்டுத் தொழிலாளருக்கென்று 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வேலை நேரம் ஒரு நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு லீவு. சம்மதமில்லாமல் உங்கள் கடவுச்சீட்டை அவர்கள் வைத்திருக்கக்கூடாது. ஒப்பந்தம் முடிந்தால், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். இவற்றை மீறுவது எந்த நாட்டிலும் கலாசாரம் ஆகாது, அங்கேயும் அது சட்டமீறல்தான். நாங்கள் நடத்தும் வகுப்புகளில் இந்தப் பகுதியைக் கோப்பி ஊற்றும் பகுதிக்கு முன்னால் வைப்பதுண்டு, ஏனென்றால் ‘பொறுத்துப் போ’ என்று மட்டும் கற்றுக்கொடுக்கிற பயிற்சி தொழிலாளியை ஏமாற்ற முதலாளிக்கு உதவுகிற பயிற்சி.

போக முன், கடவுச்சீட்டின் படப்பக்கம், விசா, ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்புங்கள். போன் தொலைந்தாலும் இருக்கும்படி கடதாசிப் பிரதி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். சம்பளம் வந்த திகதியையும் தொகையையும் ஒரு சின்னக் கொப்பியில் ஒவ்வொரு மாதமும் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: அரியாலைக்காரி ஒருத்தியோடு சேர்ந்து மகளும் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்கிறாள். ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் அறிக்கை செய்யச் சொல்லிப் பழக்குகிறார்களாம். இப்படிக் கோள் சொல்வது நல்ல பழக்கமா?
– ஒரு வாசகி, மல்லாவி

பதில்: கோள் சொல்வது இல்லை, அது வேலையின் ஒரு பகுதி. ஜப்பான் வேலைத்தளங்களில் ‘ஹோரென்சோ’ என்பார்கள்: நடந்ததை அறிவித்தல், தகவல் பரிமாறுதல், முடிவெடுக்க முன் கலந்து பேசுதல். நாங்கள் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பழகியவர்கள். அங்கே முடிவு முதலில் வர வேண்டும், பிறகு நேரம், பிறகு அளவு. ‘அம்மாவுக்கு இண்டைக்கு மனமே சரியில்லை, காலமையே ஒரு மாதிரித்தான்...’ என்று தொடங்கினால் மேற்பார்வையாளர் பாதியில் அடுத்த அறைக்குப் போய்விடுவார். ‘மதியச் சாப்பாடு பாதிதான் சாப்பிட்டார். 12.30 மணி. தண்ணீர் 100 மில்லிலீட்டர்’ என்று தமிழிலேயே முதலில் சொல்லிப் பழகட்டும், மொழிபெயர்ப்பது பிறகு லேசு.

இதில் எங்கள் பிள்ளைகள் சறுக்குகிற இடம் ‘ஹியாரி ஹத்தோ’ அறிக்கை. விபத்து நடக்கவில்லை, ஆனால் நடக்கப் பார்த்தது என்றால் எழுதிக் கொடுப்பது அது. சக்கரக் கதிரையின் பிரேக்கைப் போடாமல் பெரியவரை எழுப்பப் போய், கதிரை இரண்டு அங்குலம் நகர்ந்தது, யாரும் விழவில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் மூச்சுவிட மாட்டார்கள், சொன்னால் ஏச்சு விழும். அங்கே எழுதாமல் விட்டு, மற்றவர் பார்த்துவிட்டால்தான் நம்பிக்கை போகும். அடுத்த ஆள் அதே கதிரையில் விழாமல் தடுப்பதற்காகத்தான் அதை எழுதச் சொல்கிறார்கள்.

இன்னும் இரண்டு. ‘ஹாய்’ (ஓம்) என்று அவர்கள் சொல்வது ‘கேட்கிறேன்’ என்பதற்கும் வரும், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய் வேலையைத் தொடங்கக்கூடாது. படுக்கையில் இருப்பவரைத் தொட முன், அவருக்கு நினைவு மங்கியிருந்தாலும், ‘இப்போது கையைப் பிடிக்கிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு அப்பாச்சியைக் கேட்காமலே தூக்கி இருத்துவோம். அங்கே அது முரட்டுத்தனம்.

கேள்வி: எங்கள் கழகத்தில் வெளிநாடு போக இருக்கிற பெடியள், பெட்டையள் பதினாறு பேர் வரை சேர்கிறார்கள். அரை நாள் வகுப்பு ஒன்று வைக்கக் கேட்கிறார்கள். புரொஜெக்டர் இல்லை, பெரிய செலவும் முடியாது. நாடு நாடாகச் செய்யலாம், செய்யக்கூடாது என்று பட்டியல் அச்சடித்துக் கொடுக்கலாமா?
– கழகச் செயலாளர், புதுக்குடியிருப்பு

பதில்: பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுங்கள். வகுப்பு நேரத்தை அதில் கரைக்க வேண்டாம். பட்டியலில் இருக்கிற பத்து விஷயமும் மனப்பாடமாக இருக்கும், பதினோராவது நடக்கும்போது ஆள் திகைத்துப் போவார். திகைப்பை இங்கேயே ஒரு தடவை அனுபவிக்க வைப்பதுதான் அரை நாளில் செய்யக்கூடிய நல்ல வேலை. அதற்கு ‘பார்ன்கா’ என்ற கடுதாசி விளையாட்டு இருக்கிறது. சிவசைலம் தியாகராஜன் என்பவர் 1980இல் உருவாக்கியது. உலகமெங்கும் கலாசாரப் பயிற்சிகளில் பயன்படுகிறது. நான்கு கட்டுக் கடுதாசி இருந்தால் போதும்.

பதினாறு பேரையும் நான்கு மேசைகளில் நால்வராக இருத்துங்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஆஸிலிருந்து ஏழு வரை, நான்கு இனத்திலும் 28 கடுதாசி. ஜாக் இல்லாததால் 304 விளையாடுகிற கை தானாக ஜாக்கைப் பெரிதாக எண்ணி உங்கள் விதியைக் குழப்பாது. ஆளுக்கு ஏழு. கேட்ட இனத்தைப் போட வேண்டும், பெரிய கடுதாசி போட்டவர் பிடியை எடுப்பார், அதிகம் பிடி எடுத்தவர் வெற்றி. இவ்வளவும் எல்லா மேசைக்கும் பொது. ஆனால் விதி எழுதிய துண்டில் மட்டும் சூழ்ச்சி செய்யுங்கள். முதல் மேசையில் ஆஸ் பெரியது, துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) இல்லை. இரண்டாவதில் ஆஸ் சின்னது, டைமன் துரும்பு. மூன்றாவதில் ஆஸ் பெரியது, கிளாவர் துரும்பு. நான்காவதில் ஆஸ் சின்னது, துரும்பு இல்லை. துண்டுகள் வேறு வேறு என்று யாருக்கும் சொல்லக்கூடாது.

துண்டைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் பழக விடுங்கள். பிறகு துண்டுகளை வாங்கிவிட்டு, இனிமேல் கதைக்கவும் எழுதவும் கூடாது, சைகை மட்டும் என்று அறிவியுங்கள். ஒரு சுற்று ஏழு நிமிடம் அளவில். சுற்று முடிந்ததும் ஒவ்வொரு மேசையிலும் வென்றவர் அடுத்த மேசைக்கும், கடைசியாக வந்தவர் முந்திய மேசைக்கும் மாற வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே தொடங்கிவிடும். ஒருவர் டைமனைப் போட்டுப் பிடியை இழுப்பார், மற்றவர் அவர் கையைப் பிடித்துத் தடுப்பார், ஒருவர் சிரித்து விட்டுக்கொடுப்பார், ஒருவர் கடுதாசியை எறிவார். மூன்று சுற்றோடு நிறுத்துங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு விதமாக. நடத்துகிறவர் இரக்கப்பட்டு முதல் சண்டையிலேயே இரகசியத்தை உடைத்துவிடுவார். அல்லது விளையாட்டு முடிந்ததும் ‘எல்லாருக்கும் நல்ல சிரிப்பு’ என்று தேத்தண்ணீருக்கு அனுப்பிவிடுவார். விளையாடிய நேரத்தைவிடக் கூடிய நேரம் பின்பேச்சுக்கு வேண்டும், முப்பது நிமிடத்துக்குக் குறையாமல். கேட்க வேண்டியதை இந்த ஒழுங்கில் கேளுங்கள்: என்ன கண்டீர்கள்? அப்போது மற்றவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? விதி வேறு என்று எப்போது சந்தேகம் வந்தது? சந்தேகம் வந்த பிறகு என்ன செய்தீர்கள்? இரண்டாம் கேள்விக்கு நேர்மையாகப் பதில் வந்தால் ‘கள்ள விளையாட்டு’ என்ற சொல் கட்டாயம் வரும். அதை அப்படியே கரும்பலகையில் எழுதி வையுங்கள். வேலைத்தளத்தில் நீங்கள் மேற்பார்வையாளரைப் பற்றியும் அவர் உங்களைப் பற்றியும் எண்ணப்போவது அதுதான்.

மீதி நேரத்தில் சத்தத்துக்குள் கேட்கும் பயிற்சி. லாண்ட்மாஸ்டர் இயந்திரம் ஓடும் சத்தத்தைப் போனில் பதிந்து ஸ்பீக்கரில் உரக்க விடுங்கள். ஒருவர் மூன்று படி கொண்ட கட்டளையை வேகமாகச் சொல்ல வேண்டும்: ‘சிவப்புப் பெட்டியில் ஐந்தை எடு, இரண்டை இடப்பக்கம் வை, மீதியைக் கதவடியில் வை.’ கேட்பவர் செய்ய முன் திரும்பச் சொல்ல வேண்டும். ‘சரி’ என்று மட்டும் சொன்னவரை மறித்து, திரும்பவும் முதலிலிருந்து. பெடியளுக்கு வெட்கம் வரும். சிரித்து முடிய விடுங்கள், பிறகு வேலை செய்யும்.

கேள்வி: கணவர் கொரியா போய் மூன்று மாதம். முதல் மாதம் படம் படமாக அனுப்பினார். இப்போது எல்லாவற்றிலும் குறை, ‘திரும்பி வரப்போகிறேன்’ என்கிறார். கடன் இன்னும் கட்டி முடியவில்லை. நான் என்ன சொல்வது?
– ஒரு மனைவி, தருமபுரம்

பதில்: இந்த இறக்கம் புதுமையில்லை. கனடாவில் பிறந்த மானிடவியலாளர் கலெர்வோ ஒபேர்க் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் இதைப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்று விளக்கினார்: தொடக்கத்தில் எல்லாம் அழகு, பிறகு எல்லாம் எரிச்சல், பிறகு மெல்லப் பழகுதல். எல்லோருக்கும் இதே வரிசையில் வருவதில்லை, சிலருக்கு முதல் கிழமையே கடினமாக இருக்கும். அதனால் ‘இன்னும் இரண்டு மாதத்தில் சரிவரும்’ என்று திகதி குறித்துச் சொல்லாதீர்கள்.

அங்கே நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால். நீங்கள் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு எட்டு மணிக்கு எடுக்கும்போது அவருக்கு இரவு 11.30. களைத்த மனிதனிடம் கடன் கதை வந்தால் ‘வருகிறேன்’ என்ற பதில்தான் வரும். ஞாயிறு பகல் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காசுக் கதைக்கு வேறு ஒரு நாள். குறை சொன்னால் உடனே ஆறுதல் சொல்லாமல், எந்த இடத்தில், யாரோடு, என்ன நடந்தது என்று கேளுங்கள். ‘எல்லாம் மோசம்’ என்பது சில வேளை ஒரே ஒரு குழுத் தலைவரோடு வந்த தகராறாகவோ, மூன்று நாளாகச் சோறு ஒத்துக்கொள்ளாததாகவோ இருக்கும். அதற்கு வழி பார்க்கலாம்.

தொழிற்சாலை உண்மையிலேயே சரியில்லை என்றால், சம்பளம் தராதது, அடிப்பது போன்றவை நடந்தால், வேலையிடம் மாற அங்குள்ள அரசு வேலைவாய்ப்பு நிலையத்தில் விண்ணப்பிக்கலாம். சும்மா வெளியே போய் வேறிடத்தில் சேர்ந்தால் சட்டவிரோதமாகிவிடுவார், அதைச் செய்ய விடாதீர்கள். நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் கெட்டிருந்தால், அல்லது ‘நான் இல்லாவிட்டால் என்ன’ என்கிற கதை வந்தால், அது ஊர் நினைப்பு மட்டுமில்லை. உடனே அங்குள்ள தமிழ் நண்பர் ஒருவரை நேரில் போகச் சொல்லுங்கள், வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். கடனைவிட ஆள் முக்கியம்.

கேள்வி: இஸ்ரேலில் ஒரு யூத முதியவரைப் பார்க்கப் போகிறேன். சமையலறையிலும் சனிக்கிழமையிலும் கவனம் என்கிறார்கள். விளக்குவீர்களா?
– ஒரு வாசகர், நெளுக்குளம்

பதில்: எல்லா வீடும் ஒன்றில்லை, சில வீடுகளில் இந்தக் கட்டுப்பாடே இராது. கடைப்பிடிக்கிற வீடு என்றால் இறைச்சியும் பாலும் ஒன்றாகக்கூடாது. சட்டி, கரண்டி, பாத்திரம் கழுவும் பஞ்சு எல்லாம் இரண்டு இரண்டு. பல வீடுகளில் இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம். இறைச்சி சாப்பிட்ட பிறகு பாலுக்குப் பொதுவாக ஆறு மணித்தியாலம் பொறுப்பார்கள். ஆகவே மதியம் கோழி கொடுத்துவிட்டுப் பின்னேரம் பால் தேத்தண்ணீர் நீட்டாதீர்கள். பிழையான சட்டியில் சமைத்துவிட்டால் கழுவி வைத்து மறைக்க வேண்டாம். சொல்லுங்கள், திருத்த அவர்களிடம் முறை இருக்கிறது.

ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைய முன் தொடங்கிச் சனி இருட்டிய பிறகு முடியும். அந்த நேரத்தில் மின்சாரம் போடவும் நிறுத்தவும் மாட்டார்கள். எந்த விளக்கு எரிய வேண்டும், வெந்நீர்க் கொதிகலம், சூட்டுத்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உள்விளக்கு எல்லாவற்றையும் வெள்ளி மத்தியானமே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். ஓய்வுநாளில் அவர் உங்களிடம் ‘விளக்கைப் போடு’ என்று நேராகச் சொல்லாமல் ‘அறை இருட்டாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லலாம். குறிப்பறிந்து செய்ய எங்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. உயிராபத்து என்றால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, அவர்களுடைய மதமே அப்படிச் சொல்கிறது. மயங்கி விழுந்தால் யோசிக்காமல் 101ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்.

கேள்வி: அம்மா பொதி கட்டுகிறா. மருந்து, வெற்றிலை, கோவில் நூல், சரக்குத்தூள் எல்லாம் வைக்கிறா. டுபாய்க்குக் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், நெடுங்கேணி

பதில்: மிளகாய்த்தூள், சரக்குத்தூள் கடையில் அடைத்த பொதியாக இருந்தால் சிக்கலில்லை. வெற்றிலையை எடுத்து வையுங்கள், அங்கே கொண்டுவரத் தடை. கசகசாவும் அப்படித்தான். நாங்கள் சர்பத்துக்குப் போடும் கறுப்பு விதை வேறு செடியுடையது என்றாலும் பொதியில் அந்தப் பெயர் இருந்தால் சுங்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும், தேவையில்லை. மருந்தில் கவனம் வேண்டியது கடும் நோவுக்குத் தரும் டிரமடோல், இருமலுக்கும் நோவுக்கும் தரும் கோடீன் கலந்தவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். மற்ற மருந்துகளையும் டப்பாவில் கொட்டி வைக்காமல், வாங்கிய மட்டையோடும் வைத்தியரின் ஆங்கிலத் துண்டோடும் வையுங்கள். பக்கத்து வீட்டார் அங்குள்ள பிள்ளைக்குக் கொடுத்துவிடும் பொதியைத் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம், கோபித்தாலும் பரவாயில்லை.

வற்றாப்பளை நூல் கையில் இருந்தால் டுபாயில் யாரும் கேட்கப் போவதில்லை. சவூதி போகிறவர் என்றால் நூலையும் தாயத்தையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டே போங்கள். அங்கே அதைச் சூனியப் பொருளாகப் பார்ப்பார்கள்.